ரக்கியா வீட்டில் சர்க்கரை உடைந்த நாள்

மராக்கேஷ் நகரத்திலிருந்து காலை எட்டு மணிக்கு வேனைக் கிளப்பினால் பத்தரைக்கு எங்கள் பள்ளத்தாக்கில் இருப்பேன். வேனின் பக்கவாட்டில் 'ஒரே நாளில் பெர்பர் வாழ்க்கை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. பெர்பர் என்றால் எங்கள் மலைச்சனம்தான்; நாற்பத்தாறு வருடமாக அந்த வாழ்க்கையை வாழ்கிற எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

அந்த வாழ்க்கை நடக்கிற இடம் ரக்கியாவின் வீடு. செத்துப்போன என் பெரியப்பா மகனின் மனைவி, எனக்கு அண்ணி. வேன் வருவதற்குள் டிவி ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் போய்விடும். கேஸ் அடுப்பு ஆட்டுக்கொட்டகைக்குப் போய்விடும். நகர்த்த முடியாத ஃபிரிட்ஜுக்கு ஒரு கம்பளிப் போர்வை. எல்லாம் எங்கள் வழிகாட்டி இதரின் உத்தரவு. மராக்கேஷில் பிறந்து, பெர்பர் பண்பாட்டைப் புத்தகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவன் அவன்.

ஒருநாள் ஒருத்தர் போர்வையைக் காட்டி, உள்ளே ஏதோ முனகுகிறதே என்று கேட்டார். "தேனீ வளர்க்கிறார்கள்" என்றான் இதர், கண் இமைக்காமல். உடனே தேன் வேண்டுமாம். ரக்கியா போர்வைக்குள் கைவிட்டு ஜில்லென்று ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். மலைத்தேன் குளிர்ச்சியாக இருக்கும் என்று அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

போன வருடம் வசந்தத்தில் ஒரு காலை, வேனிலிருந்து இறங்கும்போதே ரக்கியா என்னை வாசலில் மறித்தாள்.

"தம்பி, உள்ள மாடத்துல நீலக் காகிதத்துல ஒரு சர்க்கரைக் கட்டி இருக்கு. சிவப்பு நூல் சுத்தியிருக்கும். நேத்து ஹம்முவோட அக்கா வச்சுட்டுப் போனா. திரும்பறப்ப அவ வீட்டுல குடுத்துடு. உடையாம."

எங்கள் பக்கத்தில் பெண் கேட்பவர்கள் இப்படித்தான் கூம்பு மாதிரி ஒரு முழுக் கட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். உடைத்து டீ போட்டால் சம்மதம். முழுசாகத் திரும்பி வந்தால் இல்லை. யாரும் யார் முகத்துக்கு நேராகவும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஹம்மு, எங்கள் விருந்தாளிகளைக் கோவேறு கழுதையில் அருவிக்கு ஏற்றிப்போகிறவர். மனைவி இறந்து மூன்று வருடம். கழுதையைக்கூட அதட்டத் தெரியாத மனிதர்.

"அவருக்கு என்ன குறை அண்ணி?"

"அவருக்கு ஒரு குறையும் இல்ல. இந்த வீட்டுச் சாவியப் பாரு. பதினாறு வருஷம் உங்க அண்ணன் இடுப்புல இருந்துச்சு. ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போறதுன்னாகூட நான் கேட்டுட்டுத்தான் போவேன். ஒன்பது வருஷமா என் இடுப்புல இருக்கு. இனிமே யார் இடுப்புக்கும் இது போகாது."

சரியென்று தலையாட்டினேன். இதரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்க வேண்டும். டயரில் காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்கு வந்த ஆறு பேரில் ஒரு ஒல்லாந்துக்காரம்மா, எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, தன் கையால் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ரக்கியா முற்றத்து அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இதர் சுற்றுமுற்றும் பார்த்தான். மாடத்துச் சர்க்கரைக் கட்டியை எடுத்தான். நூலைப் பிய்த்தான். செம்புச் சுத்தியலை அந்த அம்மாவின் கையில் கொடுத்தான்.

நான் உள்ளே நுழையவும் அவள் ஓங்கி அடிக்கவும் சரியாக இருந்தது. கட்டி நாலாகப் பிளந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ரொட்டி சுட ஒத்தாசைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு இஜ்ஜா எட்டிப் பார்த்தாள். நீலக் காகிதம், சிவப்பு நூல், உடைந்த சர்க்கரை. விட்டாளே ஒரு குலவை! மலை எதிரொலித்தது. ஆறு பேரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

குலவை கேட்டு ஹம்மு கழுதைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். உடைந்து கிடந்த சர்க்கரையைப் பார்த்தார். ஐம்பது வயது மனிதரின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவருக்குப் பின்னால் ரக்கியா ரொட்டித் தட்டோடு நின்றாள், ரத்தமே இல்லாத முகத்தோடு. இப்போது மறுத்தால் ஊர் முன்னால் அவர் மானம் போகும். பேசாமல் இருந்தால் சாவி போகும்.

அவள் தட்டை இறக்கி வைத்தாள். உட்கார்ந்தாள். டீ கொதித்தது. சர்க்கரைத் துண்டுகளைத் தொடாமல், புதினாவை மட்டும் போட்டு, ஒரே ஒரு கிளாஸ் ஊற்றினாள். எழுந்து போய் ஹம்முவிடம் நீட்டினாள்.

"குடிங்க."

ஒரு வாய் குடித்தார். அவர் கண் கிளாஸிலிருந்து அவள் முகத்துக்குப் போனது, பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கு. புரிந்துவிட்டது.

"ஏய் இஜ்ஜா, எதுக்கு இந்தக் கூப்பாடு?" என்றார் சத்தமாக. "விருந்தாளிங்களுக்குன்னு நான் குடுத்தனுப்பின சர்க்கரை அது. எங்க அக்கா கண்டதுக்கெல்லாம் நூல் கட்டுவா, கழுதை வாலுக்கும் கட்டுவா."

இஜ்ஜா விழுந்து விழுந்து சிரித்தாள். ஹம்மு கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருக்கு, ரக்கியா."

ஒல்லாந்துக்காரம்மா இது என்ன சடங்கு என்று கேட்டாள். இதருக்கா பதில் வராது? "பெரிய விருந்தாளிக்கு மட்டும் சர்க்கரை இல்லாத டீ. எங்கள் பழைய மரியாதை." ஆறு பேரும் அதுதான் வேண்டும் என்றார்கள். முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்து, இதுதான் அசல் பெர்பர் டீ என்று பாராட்டினார்கள்.

மறுநாளே அது நிகழ்ச்சி நிரலில் ஏறிவிட்டது. பதினொன்றே கால்: கசப்பு மரியாதை. பெரிய விருந்தாளி ஹம்முவேதான். ஒரு வருடமாக, வாரத்தில் ஆறு நாள், ரக்கியா ஹம்முவை மறுக்கிறாள், வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டுகிறார்கள். அவரும் தினமும், "நல்லா இருக்கு, ரக்கியா" என்று சொல்லிவிட்டுக் கழுதைகளிடம் போகிறார்.

போன மாதம் ஒரு கழுதை அவர் காலை மிதித்துவிட்டது. அன்று அவர் இல்லை. இதர் அவர் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, இன்னைக்கு நான்தான் பெரிய விருந்தாளி. ஊத்துங்க."

ஊற்றினாள். குடித்தவன் திகைத்தான். "என்னக்கா, சர்க்கரை போட்டிருக்கீங்க?"

"அது அவருக்கு மட்டுந்தான். நீ இதக் குடி."

சாயங்காலம் வேன் கிளம்பும்போது கையில் ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்தாள். என்னிடம் கொடுத்தனுப்பப் போகிறாள் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. திரும்பிப் போய் வீட்டைப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், வந்து முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஹம்மு வீட்டு வாசல்ல நிறுத்து. ஆறிடப்போகுது, சீக்கிரம் போ" என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. போகலாமா என்று அவளும் யாரையும் கேட்கவில்லை.