ரெஜினாவின் பசி

ரெஜினா திருடித் தின்னவில்லை. தின்கிறாள் என்று அவள் கணவரை நம்ப வைத்தவள் நான். அது உண்மையா என்று அப்போது எனக்குத் தெரியாது; தெரியாது என்பதை அறிந்தே செய்தேன்.

நான் உணவியல் ஆலோசகர். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. ரெஜினா மழலையர் பள்ளி ஆசிரியை; ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாடுபவள். உடல் பருமன், கூடவே கொலஸ்ட்ரால். நான் சொன்ன சாப்பாட்டு முறையை அப்படியே கடைப்பிடித்தாள். சில மாதங்களில் நன்றாக இளைத்துவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம் அவளைத்தான் உதாரணம் காட்டினேன். எனக்குத்தான் எத்தனை பெருமை!

பிறகு எடை திரும்பத் தொடங்கியது. கெட்ட கொழுப்பும் ஏறியிருந்தது. கணவர் அந்துவானோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"பசி தாங்க முடியல மேடம். சாப்ட்டுட்டு எழுந்தா மறுபடியும் பசிக்குது. ஆனா நீங்க சொன்னதுக்கு மேல ஒரு வாய் எடுக்கல."

அந்துவான் என்னைப் பார்த்தார். "நெசமா மேடம்? இல்ல, எங்களுக்குத் தெரியாம தின்றாளா?"

நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்... அந்தப் பசி பொய்யல்ல. உடல் இளைத்ததும், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. 'இன்னும் கொடு' என்று கேட்கும் கிரெலின் கூடுகிறது. உடல் தன் செலவையும் சுருக்கிக்கொள்வதால் அதே சாப்பாட்டில்கூட எடை ஏறலாம். அந்தக் கிரெலின் இரத்தத்தில் போகும்போது, கொலஸ்ட்ராலைச் சுமக்கும் லிப்போபுரதத் துகள்களோடும் ஒட்டிக்கொண்டு போகிறது. பசியும் கொழுப்பும் அப்படிப் பின்னிக் கிடக்கின்றன. எது எதை இழுக்கிறது என்று இன்னும் முழுதாக யாருக்கும் விளங்கவில்லை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து ஒருத்தி ஒளிந்து தின்றாளா என்று எவராலும் சொல்ல முடியாது.

இவ்வளவும் படித்திருந்தேன். ஆனால் என் வழி தோற்றுப்போனது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரத்தம் பொய் சொல்லாது சார்," என்றேன்.

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வரவில்லை.

வீட்டில் நடந்தது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அந்துவான் சமையலறையைப் பூட்டத் தொடங்கியிருந்தார். தான் திருடியில்லை என்று காட்டுவதற்காக அவள் நான் சொன்னதையும் குறைத்து, கஞ்சித் தண்ணீரில் நாளை ஓட்டியிருக்கிறாள். அப்படிக் கடும்பட்டினி கிடப்பவர்களுக்குப் பித்தப்பையில் கொலஸ்ட்ரால் கல்லாகத் திரளக்கூடும். அவளுக்குத் திரண்டது. ஒரு கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்து, கணையம் வீங்கி, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

பார்க்கப் போனேன். கட்டிலருகே அந்துவான் நின்றிருந்தார். ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் திருடித் தின்னலன்னு இவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா நம்புவாரு."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்...

"இப்ப எதுக்கு அதெல்லாம்? மொதல்ல ஒடம்பப் பாருங்க," என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். எதற்கு அஞ்சினேன்? அந்துவானின் கோபத்துக்கா? இல்லை. படித்தவள் என்று அவர் என் மேல் வைத்திருந்த மரியாதை போய்விடுமே என்று... அவ்வளவுதான். அவ்வளவு அற்பமான ஒன்றுக்காக.

ரெஜினா பிழைத்துக்கொண்டாள். போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் அவர்களைப் பார்த்தேன். எனக்கு எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுகிறவர் சோற்றோடு வந்தபோது, அந்துவான் அவளுடைய இலைக்கு மேல் கையை நீட்டி, "அவளுக்குப் போதும்," என்றார். அவள் நிமிரவே இல்லை.

அடுத்து பரிமாறுகிறவர் என் இலைக்கு வந்தார். வேண்டிய மட்டும் போட்டார். யாரும் தடுக்கவில்லை. நான் சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவினேன்.