ஆர்லிஸின் பழுதுமேசை

ஆர்லிஸ் ஹோஃப்ஸ்டாட்டின் மேசைக்கு ஒரு நாளைக்கு முப்பது பெட்டிகளாவது வரும். வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்கிற வேட்டைக்காரர்கள், தங்கள் டை பழுதானால் அமெரிக்காவின் தென் டகோட்டாவில் அதைச் செய்த தொழிற்சாலைக்கே அனுப்பிவிடுவார்கள். டை என்பது நடுவில் துளையிட்ட, கட்டைவிரல் பருமனுள்ள எஃகு அச்சு. சுட்டதில் உப்பிப்போன பித்தளைக் கூட்டை அதற்குள் அழுத்தி எடுத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். பிறகு மருந்து நிரப்பி மறுபடி சுடலாம். மசகு தடவாமல் அழுத்தினால் மட்டும் ஆப்பசைத்த குரங்கின் கதைதான். கூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பெட்டியோடு ஒரு கடிதமும் வரும். அதில் தப்பு செய்தவர் எப்போதும் மச்சானாகவே இருப்பார்.

"இன்னிக்கு எத்தன மச்சான், ஆர்லிஸ்?" என்று கேட்பான் பக்கத்து மேசை நார்பர்ட்.

"மத்தியானத்துக்குள்ள ஆறு. ஒருத்தன் மாமியாரையே இழுத்து விட்டுட்டான்."

"அந்தம்மா துப்பாக்கிய கண்ணால பாத்திருக்குமோ என்னமோ."

பத்தொன்பது வயதில் பொட்டலம் கட்டும் வேலைக்கு வந்தவள் ஆர்லிஸ். இப்போது அறுபத்தொன்று. பழுதுமேசைக்கு வந்து இருபத்தாறு வருடமாகிவிட்டது. இடையில் டெல்மர் கோல்பெர்க் என்பவனோடு பதினெட்டு வருடம் குடித்தனம். குழந்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முட்டையைத் தின்று முடித்துவிட்டு, "நான் வயோமிங் போறேன் ஆர்லிஸ். அங்க ஒருத்தி இருக்கா" என்றான் டெல்மர். அவள் தட்டைக் கழுவினாள். அவன் சாமான்களை வண்டியில் ஏற்றினான். பதினான்கு வருடத்துக்கு முந்தைய சங்கதி அது. அவள் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பிவிட்டாள்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த பெட்டியில், மான் வேட்டைத் துப்பாக்கிக்கான டை ஒன்று சமையலறைத் துண்டில் சுற்றி இருந்தது. வாயெல்லாம் துரு. கூடு ஒன்று உள்ளே இறுகிக் கிடந்தது. மேலே உள்ள பூட்டு வளையத்தைத் துடைத்தபோது 'டெ. கோ.' என்ற எழுத்துகள் தெரிந்தன. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவளே பொறித்துக் கொடுத்த எழுத்துகள்.

கடிதத்தை அதன் பிறகுதான் பிரித்தாள்.

'என் கணவர் மார்ச்சில் மாரடைப்பில் இறந்துவிட்டார். இது அவருடையது. மாட்டியிருப்பதை எடுத்துச் சுத்தம் செய்து தர முடியுமா? விற்பதற்கு அல்ல. ட்வைலா கோல்பெர்க்.'

ஆர்லிஸ் இரண்டு தடவை படித்தாள். அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. சுவரில் ஓடிய மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. கடிதத்தை மடித்து, வழக்கம்போல ஆணியில் குத்தினாள்.

மேலிருந்து டைக்குள் இறங்கும் தண்டைத் தளர்த்திக் கழற்றினாள். டையைப் பிடிகருவியில் இறுக்கி, கூட்டின் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, திருகாணியை ஏற்றினாள். கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. கூடு முனகிக்கொண்டு வெளியே வந்தது. மேலெல்லாம் வறட்டுக் கீறல். மசகே போடவில்லை. பதினெட்டு வருடம் சொல்லியும் கேட்காதவன், அங்கே போயும் கேட்கவில்லை. கூட்டைப் பித்தளைக் கழிவுத் தொட்டியில் போட்டாள்.

பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். பழைய பிசுக்கு கருப்பாகக் கரைந்து இறங்கியது. உள்ளே விளக்கைக் காட்டிப் பார்த்தால், துளைச் சுவரில் பித்தளை இழையாக ஒட்டியிருந்தது. மரக்குச்சியில் துணி சுற்றி, பாலிஷ் பசை தொட்டு, அது போகும்வரை சுழற்றினாள். துருவை இழைத்தாள். மறுபடி கழுவி, காற்றடித்து, எண்ணெயை ஒற்றி எடுத்தாள். வளையத்து எழுத்துகளில் கை வைக்கவில்லை.

நார்பர்ட் எட்டிப் பார்த்தான். "அதையே ஒரு மணி நேரமா வெச்சிருக்கியே, எந்த மச்சான்?"

"மச்சான் இல்ல. செத்துப்போனவரோடது."

"அட. தெரிஞ்சவரா?"

"தெரியும்."

நார்பர்ட் கொஞ்சம் நின்றுவிட்டுத் தன் மேசைக்குப் போனான். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றாள். செய்தி பார்த்தாள். நன்றாகத் தூங்கியும் விட்டாள். அதுதான் அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவள் மேசைத் தொலைபேசி அடித்தது.

"நான் ட்வைலா கோல்பெர்க் பேசறேங்க. டை வந்து சேந்துச்சு. புதுசு மாதிரி இருக்கு. திரும்பத் துரு பிடிக்காம எப்படி வெச்சுக்கறது?"

"மெல்லிசா எண்ணெய் தடவி வைங்க. ஈரமில்லாத எடமா இருக்கணும். யாராச்சும் பயன்படுத்துனா, மொதல்ல எண்ணெயத் தொடச்சிடச் சொல்லுங்க."

"சரிங்க. இன்னொண்ணு. உள்ள மாட்டியிருந்துச்சே அந்தக் கூடு, அது இருக்குங்களா? அவரு கடைசியா கைவெச்சது அதுதான்."

"இல்லைங்க. தொட்டியில போட்டுட்டேன். வெள்ளிக்கிழம லாரி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு."

"ஓ."

"கேக்காம போட்டது என் தப்புதான்."

"பரவாயில்லைங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்."

ஆர்லிஸ் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். கேட்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"எங்க பொதச்சீங்க?"

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு நாய் குரைத்தது கேட்டது.

"ஆர்லிஸா?"

"ஆமா."

"நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்களா. எனக்குத் தெரியாது. சத்தியமா தெரிஞ்சு அனுப்பல."

"தெரியும்."

"அவங்க அம்மா பக்கத்துலயே வெச்சோம். ஹூரான்ல."

"அது சரிதான். அம்மான்னா அவருக்கு உசுரு."

"எண்ணெய் ஒரு சொட்டுப் போதுமா?" என்று கேட்டாள் ட்வைலா. "போதும்" என்றாள் ஆர்லிஸ்.

ஹூரான் அவள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம்தான். செப்டம்பரில் நான்கு நாள் விடுப்பு எடுத்தாள். முதல் நாள் வண்டியில் ஏறி, பெட்ரோல் பங்க் வரை போய் நிரப்பிக்கொண்டு, வீட்டுக்கே திரும்பினாள். மிச்ச நாட்களில் பின்வாசல் கதவுக்குச் சாயம் அடித்தாள்.

திங்கட்கிழமை அவள் மேசையில் நாற்பத்தொரு பெட்டிகள் குவிந்து கிடந்தன. மேலே இருந்ததைப் பிரித்துக் கடிதத்தைப் படித்தாள்.

"யாரு?" என்றான் நார்பர்ட்.

"மச்சான்" என்றாள் அவள்.