பேச்சு அறுந்தால் நடை

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி. அவன் பொறுப்பில் முப்பத்தாறு லிஃப்டுகள். எது எந்த மாடியில் முனகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். என் தம்பி என்பதற்காக அளக்கவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான்; அரை அங்குலம் கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லை.

பேச்சுதான் அவனுக்கு வராது. நண்பர்கள் வைத்த பெயர் 'மூணு வார்த்தை'. ஆனால் லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அவன் வேறு ஆள். ஒருமுறை சாப்பாடு கொடுக்கப் போனவள் என் காதால் கேட்டேன். மூடிய கதவின் இடுக்கில் வாயை வைத்து, உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் ஒரே மூச்சில் சொன்னான்: "பயப்படாதீங்கம்மா, லிஃப்ட் கீழே விழாது, உள்ளே காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும், நான் இங்கேயேதான் நிக்கிறேன், கதவைத் தொறக்குற வரைக்கும் எங்கேயும் போகமாட்டேன்." அழுகை நின்றுவிட்டது. வருடக்கணக்கில் அதே வாக்கியம்தானாம், ஒரு சொல் மாறாமல்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவனுக்கு நெஞ்சில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அதுவரை சனிக்கிழமை காலையில் மலைச்சாலை ஓட்டத்தை அவன் தவறவிட்டதே இல்லை. மொத்தம் நாலு பேர்: அவன், பேக்கரிக்காரர், பள்ளி வேன் ஓட்டும் 'ரேடியோ', மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெண். ஆறு வளைவு, நாலு கிலோமீட்டர், உச்சியில் தண்ணீர்த் தொட்டி.

போன வாரம் டாக்டர் அனுமதி கொடுத்தார். "பேசிக்கிட்டே ஓடணும். முழுசா ஒரு வாக்கியம் பேச முடிஞ்சா ஓடுங்க. பேச்சு அறுந்தா நடங்க." இரண்டு முறை சொல்லச் சொல்லி, அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நண்பர்களிடமும் படித்துக் காட்டினேன்.

"கவலைப்படாதீங்கக்கா, நான் இருக்கும்போது பேச்சுக்கா பஞ்சம்?" என்றார் ரேடியோ.

"நீ பேசுறதை யாருப்பா கேட்டா? அவன் பேசணும்" என்றார் பேக்கரிக்காரர்.

நான் வீட்டில் இருந்திருக்கலாம். முடியவில்லை. ஸ்கூட்டரில் தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு, பத்தடி இடைவெளி விட்டு அவர்கள் பின்னாலேயே ஊர்ந்தேன். ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கிளம்பினார்கள். என் கண் அவன் பிடரியிலும் காது அவன் குரலிலும் இருந்தன.

முதல் வளைவில் ரேடியோ தன் மாமியார் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் கதையை ஆரம்பித்தார். தம்பி, "அப்படியா?" என்றான். "அப்புறம்?" என்றான். கண்ணாடிக் கடைப்பெண்ணைப் பார்த்து, "உங்க கடைல?" என்றான். உடனே அவள் கடையிலிருந்த கண்ணாடியையெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போன ஒரு வாடிக்கையாளர் கதையை எடுத்துவிட்டாள்.

"மூணு வார்த்தைக்கு இன்னைக்கு வாய் நல்லா வேலை செய்யுதுடா!" என்று பேக்கரிக்காரர் சிரித்தார்.

நானும் ஸ்கூட்டரை இன்னும் கொஞ்சம் பின்னால் விட்டேன். இரண்டாவது வளைவு தாண்டியதும் திரும்ப நெருங்கிப் போனேன். "ஏன்?" "யாரு?" "அட!" எண்ணிப் பார்த்தேன். கிளம்பியதிலிருந்து அவன் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. ஆளுக்கொரு கேள்வி போட்டு மற்றவர்களைப் பேச வைத்துக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் அவன் மூச்சு யாருக்கும் கேட்கவில்லை. பிடரியில் வேர்வை வழிந்தது. காது மடல் வெளுத்திருந்தது.

ஆக்சிலேட்டரைத் திருகி அவன் பக்கத்தில் போனேன்.

"தம்பி, நான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். என்கிட்ட என்ன சொல்லுவ?"

"அக்கா, சும்மா இரு."

"சொல்லுடா."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான். "பயப்படாதீங்கம்மா, லிஃப்ட்... கீழே விழாது, உள்ளே... காத்து..."

அதற்கு மேல் வரவில்லை.

ரேடியோ வாயை மூடினார். எல்லோரும் நின்றார்கள். ஓடும் காலடிச் சத்தம் நின்றதும் அவன் இழுத்து இழுத்து வாங்கிய மூச்சு மட்டும் அந்தச் சாலை முழுக்கக் கேட்டது. கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்தோம். நெஞ்சு வலிக்கிறதா, இடது கை மரத்திருக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். மூன்றுக்கும் தலையை இல்லை என்று ஆட்டினான். மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முதல் தடவை நாடி தடதடவென்று ஓடியது. இரண்டாம் தடவை இறங்கியிருந்தது. ஆறு நிமிடத்தில் காது மடலில் நிறம் திரும்பியது.

"எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டியே" என்றான்.

"உயிரைவிட மானம் பெருசா போச்சா? ஏன்டா மறைச்ச?"

குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான். "எட்டு மாசமா எனக்காக எல்லாரும் எதையாவது மெதுவா பண்றாங்க. படிக்கட்டுல, பைக்ல, வேலைல. இன்னைக்கு ஒருநாளாவது என்னால யாரும் நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

இவ்வளவு நீளமாக அவன் எங்களிடம் பேசி நான் கேட்டதில்லை.

பேக்கரிக்காரர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "அடப்பாவி! ரெண்டாவது வளைவுலேர்ந்து என் முட்டி கெஞ்சுது. யாராவது நில்லுன்னு சொல்ல மாட்டாங்களான்னு சாமிய வேண்டிக்கிட்டு வந்தேன். நீ என்னடான்னா அப்புறம், அப்புறம்னு கேட்டு ரேடியோவைக் கிளப்பிவிட்டுக்கிட்டே இருக்க!"

"எனக்கும் மாமியார் கதை முதல் வளைவோட முடிஞ்சு போச்சு," என்றார் ரேடியோ. "மிச்சமெல்லாம் சொந்தக் கற்பனை."

கண்ணாடிக் கடைப்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போகலாம் என்றேன். தம்பி என்னைப் பார்த்தான். "நடந்தா போகலாம்னுதானே டாக்டர் சொன்னாரு. நீயே எழுதி வெச்சிருக்க."

எழுதித்தான் வைத்திருந்தேன்.

நடந்தார்கள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் மூச்சையே கேட்டேன். ஐந்தாவது வளைவுக்கு மேல் ஏற்றம் சுவர் மாதிரி நிற்கும். அங்கே அவன் கையைத் தூக்கினான். நான் வண்டியை நிறுத்திவிட்டு அவன் பக்கம் போனேன்.

"எனக்கு இங்கே ஒரு நிமிஷம் நிக்கணும், நீங்க எல்லாரும் கூட நில்லுங்க" என்றான்.

எங்கும் அறுபடாத வாக்கியம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேக்கரிக்காரர் முட்டியைத் தேய்த்தார். நான் தண்ணீர்க் கேனைத் திறந்தேன்.

ஒரு நிமிடம் நாற்பது விநாடி நின்றோம்.