திறக்காத சீட்டு மேசை

வேலை முடிந்து கார் ஓட்டும்போது எனக்குக் கால்கள் இருப்பதே மறந்துவிடும். அவ்வளவு களைப்பு. தொழிற்சாலையிலிருந்து, டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் ஊரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. எங்கள் கீழ்வீட்டில் பல வருடம் இருந்த டெனிஷ் கிழவர் கடைசியில் அங்கேதான் போனார்.

போகும்போது தன் சீட்டு மேசையை எங்களுக்குத் தந்தார். இங்கிலாந்தில் எந்தக் காலத்திலோ செய்த மஹோகனி மேசை. மூடினால் சுவரோடு ஒட்டி நிற்கும். பின்கால் ஒன்றை வெளியே இழுத்து, மேற்பலகையைப் புரட்டி அதன்மேல் விரித்தால் நாலு பேர் இருந்து விளையாடலாம். உள்ளே பச்சைத் துணி. மூலைகளில் மெழுகுதிரி வைக்க வட்டமாக இடம் விட்டிருந்தான் செய்தவன். அவன் பெயர் எங்கும் இல்லை. வருடக்கணக்காக ஜன்னல் சட்டம் செய்கிற எனக்கு அது பிடித்திருந்தது. என் பெயரும் எந்த ஜன்னலிலும் இல்லை.

கிழவர் கேட்டது ஒன்றே ஒன்று. நாங்கள் ஊரில் விளையாடுகிற முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டத்தைப் பற்றி எப்போதோ சொல்லியிருந்தேன். அதை அந்த மேசையில் வைத்துத் தனக்குப் பழக்கிவிட வேண்டும் என்றார். நானும் தலையாட்டினேன்.

மேசை வந்த கிழமையே மனைவி அதன்மேல் சாமிப் படங்களை வைத்துவிட்டாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. விளக்கும் விபூதித் தட்டும் வந்தன. சாமி இருக்கிற இடத்தில் சீட்டா? கேட்டால் வீடு ரணகளமாகும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஞாயிறுகளில் கிழவரைப் பார்க்கப் போவேன்.

"எப்போது விளையாடுவோம்?" என்பார்.

"அடுத்த கிழமை."

பிறகு ஞாயிறும் வேலை வந்தது. உள்ளதைச் சொன்னால், வேலை இல்லாத ஞாயிறுகளிலும் நான் போகவில்லை. அந்தக் கேள்விக்குப் பயம். அந்த வாசலைக் கடக்கும்போது ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போன மாசியில் அவர் இறந்துவிட்டதாக இல்லத்திலிருந்து தகவல் வந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் கேட்டிருந்ததையும் அன்றுதான் சொன்னேன். அவள் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அலுமாரித் தட்டில் வைத்தாள். விளக்கை எடுத்தாள். எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்தாள்.

"திறவுங்கோ."

பின்காலை இழுத்தேன். பலகையைப் புரட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. பச்சைத் துணி அவர் தந்த அன்று இருந்தது போலவே இருந்தது.

"அந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே" என்றாள். "படங்களை நான் அப்பவே எடுத்து வைச்சிருப்பன்."

"சாமி வைச்ச மேசை எண்டு..." என்று இழுத்தேன்.

"நீங்கள் என்னட்டைக் கேக்கவே இல்லையே."

களைப்பு என்று சொல்லப் பார்த்தேன். மேசையை மூடாமல் விட்டேன்.