பாண்டிப் பக்கம் விழுந்த நிழல்

மோர் புளித்துப் பொங்கும் வாசனை, மே மாத வெயிலில் தார் இளகும் நெடியோடு கலந்து வந்தால், எனக்கு இன்றும் கன்னம் எரியும். அந்த மோரைக் கெடுத்து அம்மாவிடம் அறை வாங்கியவள் நான். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அம்மா கம்மங்கூழ் வண்டி போட்டிருந்தாள். பெரிய குடையொன்றைச் சிமெண்டுத் தொட்டியில் நட்டிருந்தோம். அதன் நிழல் நகர நகர மோர்ப் பானையையும் நகர்த்துவது லீவு நாட்களில் என் வேலை.

பொங்கல் சமயத்தில் உச்சி வேளை நிழல் குடைக்கு வடக்கே, எங்கள் பேச்சில் சொன்னால் "மெட்ராஸ் பக்கம்", விழும். அதே நினைப்பில் மே மாதத்திலும் பானையை வடக்கே வைத்துவிட்டேன். "இன்னாடி, பானை வெயில்ல காஞ்சுகினு கீது, நீ எங்க பராக்குப் பாத்துகினு கீற?" என்று அம்மா அறைந்தாள். எனக்குக் கோபம் அம்மா மேல் வரவில்லை, நிழல் மேல்தான் வந்தது. மறுநாளிலிருந்து தினமும் உச்சி வேளையில் நிழலின் ஓரத்தைக் கரியால் தரையில் கோடு போட்டு வைத்தேன். லீவு முடியும்வரை கோடுகள் கொஞ்சங் கொஞ்சமாகத் தெற்கே, "பாண்டிப் பக்கம்", போய்க்கொண்டே இருந்தன.

ஜூனில் ஏழாம் வகுப்பு. நம் ஊரில் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான் விழும் என்று அறிவியல் சார் கரும்பலகையில் எழுதினார். நான் எழுந்து, "இல்ல சார், இப்போ பாண்டிப் பக்கம் வுழுது" என்றேன். வகுப்பே சிரித்தது. "கூழு வண்டிக்கு மட்டும் தனி சூரியனா?" என்றாள் பின் பெஞ்சுக்காரி ஒருத்தி. அழுகை முட்டிக்கொண்டு வந்தாலும் நான் உட்காரவில்லை. பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

"சரி, வெளிய போய்ப் பாத்துடலாம். நீ சொல்றது தப்புன்னா வருஷம் பூரா என் கிளாசுல வாயத் தொறக்கக் கூடாது" என்றார் சார். ஓயாமல் கேள்வி கேட்பவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

இரண்டு நாள் மேகம் மூடியே கிடந்தது. மூன்றாம் நாள் வெயில் வந்ததும் உச்சி வேளையில் எல்லோரும் கொடிக்கம்பத்தடியில் போய் நின்றோம். ஏப்ரல் கடைசியில் நம் தலைக்கு மேலே கடந்து வடக்கே போகும் சூரியன் திரும்பி வர ஆகஸ்ட் ஆகும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கம்பத்தின் நிழல் தெற்கே குட்டையாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

சார் கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "இந்த ஊர்லயே பொறந்து வளந்தவன் நான். மே மாசமெல்லாம் வூட்டுக்குள்ள படுத்துகினே காலத்த ஓட்டிட்டேன்" என்றவர், வகுப்புக்குத் திரும்பி, எழுதியிருந்ததை அழித்துவிட்டுச் சாக்பீஸை என் கையில் கொடுத்தார். சரியான வரியை நான்தான் எழுதினேன். அதற்குப் பிறகு பட்டம் வாங்கியிருக்கிறேன், வேலையில் பரிசும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குப் போல் நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

சாலையை அகலப்படுத்தியதில் எங்கள் இடமும் அந்தக் கரிக் கோடுகளும் போய்விட்டன. அம்மா இப்போது என்னோடு சிறுசேரி அடுக்குமாடியில் இருக்கிறாள். லிஃப்டில் யாராவது தம் பிள்ளையின் சம்பளத்தைச் சொன்னால் போதும், "எம் பொண்ணு வாத்தியார் எழுதுனதயே அழிக்க வெச்சா" என்று ஆரம்பித்துவிடுவாள். அவள் கதையில் அந்தக் கொடிக்கம்பத்தடிக்கு ஹெட்மாஸ்டரும் வந்து சேர்ந்தார், போன மாதம் கலெக்டரும் வந்துவிட்டார். கண்ணால் பார்க்காத எதையும் ஒத்துக்கொள்ளாத நான், அதை மட்டும் திருத்துவதில்லை.