முட்டைக்காரியைச் சுட ஏலாது

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் மூன்று வாரங்களாக ஒரு வேற்றுக் கிரகம் இருந்தது. அதன் கடல், அம்மாவின் பழைய நீலச் சேலை. அதன் உப்பளம், மாப்பசை பூசிக் காயவைத்த அட்டை. பாறைகளுக்காகக் கரையொதுங்கிய முருகைக்கல் துண்டுகளையும், கரைக்காகக் கொஞ்சம் மணலையும் நான் கொண்டு வந்திருந்தேன். சோற்று வேளைகளில் இருவர் சேர்ந்து கிரகத்தை அதன் பலகையோடு தூக்கி அலுமாரியின் மேல் வைப்போம். சாப்பிட்டு முடிந்ததும் இறக்குவோம். தூக்க மறந்த ஒரு நாளில் மீன்குழம்பு சிந்தி வடக்குக் கண்டம் மஞ்சளாகிவிட்டது. மச்சாள் அதைக் கந்தகச் சமவெளி என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டாள்.

கிரகம் மச்சாளுடையது. அவள் என் மாமியின் மகள்; ஆலங்குடாவில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்க வரும் வெளிநாட்டவர்கள் தங்கும் விடுதியொன்றில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். போன பருவத்தில் ஒரு விருந்தினர் தம் அறையில் ஒரு பெட்டியை மறந்துவிட்டுப் போனார். அதற்குள் விரல்நுனி அளவான பிளாஸ்டிக் போர்வீரர்களும் தாயக்கட்டைகளும் இருந்தன. விதிப்புத்தகம் மட்டும் இல்லை. மச்சாள் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. விதிகள் இல்லாத போரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் தானே விதிகளை எழுதத் தொடங்கினாள். பூமியிலிருந்து வீரர்கள் வந்து இறங்குவார்கள். அந்தக் கிரகத்தின் விலங்குகள் அவர்களை வேட்டையாடும். விண்கலம் திரும்பி வரும்வரை ஒருவராவது உயிரோடிருந்தால் வெற்றி. கொழும்பில் இத்தகைய விளையாட்டுகளுக்கென்று கூடும் தமிழ் இளைஞர் குழுவொன்று அதை விளையாடிப் பார்க்கச் சம்மதித்திருந்தது. சிறு புத்தகமாக அச்சிட்டு அனுப்ப வேண்டும்.

விலங்குகளின் உருவங்களையும் அவளே செய்தாள். நாங்கள் உண்டு கழித்த நண்டுக் கால்களையும் சிங்கி இறாலின் ஓடுகளையும் அவித்துக் காயவைத்து, ஒட்டி, நகப்பூச்சால் நிறம் தீட்டினாள். என்னதான் அவித்தாலும் வாடை போகவில்லை. எங்கள் பூனை அவற்றை முழுமையாக நம்பியது. முதல் வாரத்திலேயே இரண்டு அரக்கர்களைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

"நீதானே தமிழ் படிக்கிறாய்," என்றாள் மச்சாள். "மிருகங்கள நீ எழுது. வாசிக்கிறவனுக்கு முதுகு சில்லெண்டு இருக்கணும்."

பல்கலைக்கழகத்தில் எனக்கு அது மூன்றாம் ஆண்டு. பரீட்சை விடுமுறையில் வந்திருந்தேன். நான் எழுதியதை எங்கள் வீட்டில் எவரும் அதுவரை வாசித்ததில்லை. கட்டுரைகளுக்குப் புள்ளிகள் கிடைத்தன. அத்துடன் அவை கோப்புகளுக்குள் போய்விட்டன. அச்சில் வரும், அறியாதவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து உரக்க வாசிப்பார்கள் என்று மச்சாள் சொன்னபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் சொன்னேன். யோசிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அன்று பின்னேரமே தொடங்கிவிட்டேன்.

முதல் விலங்குக்கு ஏழு கண்கள் வைத்தேன். நெருப்பைக் கக்கும் வாய், வாள் போன்ற பற்கள், இரத்தம் சொட்டும் நாக்கு ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கினேன். தலைப்பில், பள்ளி விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த 'இரைகௌவி' என்ற சொல்லை எழுதினேன். வேட்டையாடித் தின்னும் விலங்குக்கு அது துல்லியமான சொல். பின்னேரங்களில் விளையாட வரும் மூவரின் முன்னிலையிலும் மச்சாள் அதை உரக்க வாசித்தாள். மூவர் என்பது அவளையும் சேர்த்துத்தான். மற்ற இருவரில் ஒருவர் என் அண்ணன். சிங்கி பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடுபவர். அது பிடிக்கத் தடையான மாதமாதலால் வீட்டில் இருந்தார். மற்றவர் அண்ணனின் நண்பர். முன்பு அண்ணனோடு படகில் போனவர், இப்போது புத்தளத்தில் உப்பளத்தில் வேலை செய்கிறார்.

"இரை கவ்வியோ?" என்றார் நண்பர். "நாய் கருவாட்டத் தூக்கிட்டு ஓடுற மாதிரி இரிக்கே, தங்கச்சி."

"வாயில நெருப்பு வந்தா நாக்கு எரியாதா?" என்றார் அண்ணன். "எரிஞ்ச நாக்கில இரத்தம் எப்பிடிச் சொட்டும்?"

"அண்ணா, அது ஒரு கற்பனை."

"கற்பனைக்கும் நாக்கு நோகும்."

அவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் சிரித்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் கொப்பியை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நின்று யோசித்தபோது அண்ணனின் கேள்வியில் பிழையில்லை என்று தெரிந்தது. நான் பார்த்திராத பற்களை எழுதியிருந்தேன்.

இரண்டாவது விலங்கை வேறு விதமாக எழுதினேன். அதற்குப் பற்கள் இல்லை, கண்களும் இல்லை. உப்பளத்தின் ஓரத்தில் கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்குமல்லவா? அவற்றைப் போல அது அசையாமல் கிடக்கும். நேற்று எண்ணியபோது பதினொரு குவியல்கள், இன்று பன்னிரண்டு. அவ்வளவுதான் எழுதினேன். மச்சாள் அதையும் உரக்க வாசித்தாள்.

"அல்லாவே," என்றார் நண்பர். "தங்கச்சி, நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்."

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். போய், குவியல்களை எண்ணிவிட்டு அண்ணனுக்குத் தொலைபேசியில் தகவலும் சொன்னார். எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

இனிப் பெரிய விலங்கு ஒன்றே மிச்சம். விளையாட்டின் இறுதிப் போர் அதனோடுதான். மச்சாள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள்: "ஞாயிற்றுக்கிழமை முழுசா விளையாடிப் பாப்பம். திங்கட்கிழமை அச்சகத்துக்குக் குடுக்கணும். பயம் வந்தா உன்ர மிருகங்கள் புத்தகத்தில வரும். வராட்டி நான் இன்டர்நெட்டில ஒரு டிராகனப் பாத்து எல்லாத்தையும் புதுசா எழுதுவன். கோவிக்காத."

"கோவிக்க மாட்டன்," என்றேன். கோவிக்கவில்லை, ஆனால் அந்த டிராகனை நான் மனமார வெறுத்தேன்.

நான்கு நாட்கள் அந்த விலங்கோடு இருந்தேன். காயப்போட்டிருந்த சிங்கி ஓட்டை அளவுகோலால் அளந்தேன். பல மூட்டுகள் கொண்ட கால்கள், உடலைவிட நீண்ட உணர்கொம்புகள், பின்நோக்கிப் பாயும் வால். கடலடிப் பாறையான கற்பாருக்குள் பகலில் உறங்கும். மணலில் விழும் காலடியின் அதிர்வில் விழித்துக்கொள்ளும். அது உயிருள்ளதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'பெண் விலங்கு தன் அடிவயிற்றில் செம்மஞ்சள் நிற முட்டைகளை ஆயிரக்கணக்கில் சுமந்து திரியும், உறங்கும்போதும் அவற்றை மெல்ல விசிறிக்கொண்டே இருக்கும்.' அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இருமுறை படியெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கிரகத்தை இறக்கினோம். கடற்காற்று ஆட்டக் குறிப்புச் சீட்டுகளைத் தூக்காமலிருக்க மூலைகளில் சிரட்டைகளை வைத்தோம். அண்ணனிடம் ஆறு வீரர்கள், நண்பரிடம் ஆறு வீரர்கள். விலங்குகள் மச்சாளின் பக்கம். ஒரு விலங்கு வெளிப்படும்போது அதன் குறிப்பை வாசிப்பது மட்டும் என் வேலை.

உப்புக்குவியல் நண்பரின் இரண்டு பேரை விழுங்கியது. அவர் அதை எதிர்பார்த்தே இருந்தார். அதன் பின் மச்சாள் பெரிய விலங்கை முருகைக்கல்லின் பின்னாலிருந்து எடுத்து மணலில் வைத்தாள். அண்ணனின் வீரர்கள் சரியான இடத்தில் நின்றார்கள். ஒரு நல்ல எறி போதும். அண்ணன் தாயக்கட்டைகளைக் கைக்குள் குலுக்கிக்கொண்டிருக்க நான் வாசித்தேன். கடைசி வரிக்கு வந்தேன். குலுக்கல் நின்றது.

"முட்டை இருக்கா?" என்றார் அண்ணன்.

"ஓம்."

அவர் தாயக்கட்டைகளை மேசையில் வைத்துவிட்டார். "அப்ப சுட ஏலாது."

"என்ன அத்தான் கதைக்கிறீங்க?" என்றாள் மச்சாள். "அது உங்களத் தின்ன வருது!"

"வரட்டும். முட்டைக்காரி."

"நீங்களாவது சொல்லுங்கோ," என்று மச்சாள் நண்பரின் பக்கம் திரும்பினாள்.

"நான் என்ன செல்ல?" என்றார் அவர். "வலையில தானா வந்தாலே கழட்டி விடுறது. இவ பாவம், நடந்து வந்து நிக்கிறா. மச்சான், வழிய விடு."

முட்டை சுமந்த சிங்கியைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆனால் இவர்கள் இருவரும் சட்டத்தை நினைத்து நிறுத்தவில்லை. கைகள் பழகியிருந்தன, அவ்வளவுதான். வீரர்கள் துப்பாக்கிகளைத் தாழ்த்தி ஒதுங்கி நின்றார்கள். மச்சாள் அவர்களை ஒவ்வொருவராகத் தின்றாள். ஒருவர் விழும்போதெல்லாம் அண்ணன், "நல்லா சாப்பிடட்டும், பிள்ளத்தாச்சி," என்றார். நண்பர் மேசையில் தலைவைத்துச் சிரித்தார். பத்து நிமிடத்தில் பூமியின் படை முழுவதும் முடிந்தது. பயம் என்பது மருந்துக்கும் இருக்கவில்லை.

மச்சாள் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தாள். "அந்த வரிய வெட்டப்போறன். இல்லாட்டி டிராகன்தான்."

"வெட்டு," என்றார் அண்ணன். "வெட்டினாலும் நான் திருப்பிப் பாக்காமச் சுட மாட்டன்."

"திருப்பியோ?"

"சிங்கியக் கையில எடுத்தா முதல்ல மல்லாத்தி வயித்தப் பாக்கிறது. முட்டை இல்லையெண்டாத்தான் பைக்குள்ள. தூரத்தில நிண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? கிட்டப் போய்த்தான் பாக்கணும்."

நான் பொதுவாக மேசையில் குறுக்கே பேசுவதில்லை. வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, அது சரியாக வருவதற்குள் பேச்சு வேறிடத்துக்குப் போய்விடும். அன்று சொல்லிப் பார்க்கவில்லை.

"வரிய வெட்ட வேணாம். விதிய மாத்துவம்," என்றேன். "சுடுறதுக்கு முதல் ஒருத்தர் கிட்டப் போய் வயித்தப் பாக்கணும். அது நித்திரையா இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நீ தாயத்தப் போடு. ஆறு விழுந்தா அது முழிக்கும்."

"முட்டை இருந்தா?" என்றாள் மச்சாள்.

"அப்பிடியே பின்னால வரணும். முதுகத் திருப்பாம."

மச்சாள் என்னைப் பார்த்தாள். பிறகு விலங்கைத் தூக்கி மறுபடி முருகைக்கல்லின் கீழ் வைத்து, விழுந்த வீரர்களை எழுப்பி நிறுத்தினாள்.

நண்பர் தம் வீரர்களில் ஒருவரைத் தெரிந்தெடுத்தார். கை உடைந்து ஒட்டப்பட்டவர். விலங்குவரை நான்கு கட்டங்கள். முதற் கட்டத்தில் மச்சாள் உருட்டினாள்: இரண்டு. இரண்டாவதில் ஐந்து. நண்பர் பொம்மையைத் தூக்கி வைக்காமல் மணலில் நகர்த்தினார், சத்தம் வராமல். சிரட்டைகளுக்கடியில் சீட்டுகள் படபடத்தன; அண்ணன் கையால் அவற்றை அமுக்கினார். மூன்றாவதில் நான்கு. நான்காவதில் ஒன்று. வீரர் விலங்கின் வயிற்றுக்குக் கீழே நின்றார்.

"இனி முட்டை இருக்கா எண்டு பாக்கணும்," என்றேன். என் குரல் தாழ்ந்திருந்தது. "ஒற்றை விழுந்தா இருக்கு. இரட்டை விழுந்தா இல்ல."

அம்மா அப்போது பிளேன்ரீக் கோப்பைகள் வைத்த தட்டுடன் வந்தார். "பூசையால வந்து பிசாசு விளையாட்டோ?"

"மாமி, கதைக்காம இதப் போடுங்கோ," என்று மச்சாள் தாயக்கட்டையை நீட்டினாள்.

அம்மா தட்டை வைத்துவிட்டு, ஏனென்று கேட்காமல், சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு போட்டார். மூன்று.

"முட்டைக்காரி," என்றார் அண்ணன், மூச்சோடு.

ஒருவரும் சிரிக்கவில்லை. வீரர் பின்வாங்கத் தொடங்கினார். ஒரு கட்டம்: நான்கு. இன்னொரு கட்டம்: ஒன்று. நண்பரின் உதடுகள் அசைந்தன. என்ன ஓதினார் என்று கேட்கவில்லை. அம்மா போகாமல் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் கட்டத்தில் தாயக்கட்டை சேலையின் மடிப்பில் தடுக்கி நின்று, மெல்லச் சரிந்து, ஆறைக் காட்டியது.

நண்பர் கத்தினார். மச்சாளும் கத்தினாள், தின்னப்போவது அவள்தான் என்றபோதும். அம்மா "யேசுவே!" என்றார். மேசைக்குக் கீழே கிடந்த பூனை இவ்வளவையும் தனக்கு எதிரானதென்று கருதிக் கந்தகச் சமவெளியின் மேலாகப் பாய்ந்து, இரண்டு தேநீர்க் கோப்பைகளைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடியது. கடல் தேநீர் நிறமாயிற்று.

எல்லாம் துடைத்து முடிந்தபின் மச்சாள் விதிகள் எழுதிய தாள்களை எடுத்தாள். வெட்டுவதற்கென்று எடுத்த பென்சிலால் ஓர் எண்ணிட்டு, புதிய விதியை என்னையே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். "டிராகனுக்கு இடமில்ல," என்றாள்.

"கொழும்பில இருக்கிறவங்க கேப்பாங்களே, ஏன் தூரத்தில நிண்டு சுட ஏலாதெண்டு?" என்றார் நண்பர்.

"அந்தக் கிரகத்தில அப்பிடிச் செய்யிறேல்லையெண்டு எழுதினாக் காணும்," என்றாள் மச்சாள். அப்படியே எழுதினோம்.

மறுநாட் காலையில், அச்சகத்துக்குப் போகவேண்டிய தாள்களைக் காணவில்லை. அண்ணன் வெளியே, தோணியின் விளிம்பில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். வரிக்கு வரி விரல் வைத்து, மெதுவாக. நான் கதவருகிலேயே நின்றேன். கடைசித் தாளுக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, இதில ஒரு பிழை இருக்கு."

"எங்க?"

"செம்மஞ்சளெண்டு எழுதியிருக்கிறாய். அது புதுசில. பொரிக்கிற காலம் கிட்ட வந்தா முட்டை கறுத்துக் கபிலமாகும்."

பேனையை எடுத்து வந்து, அவர் விரல் இருந்த இடத்தில் திருத்தினேன்.