செருப்பைக் கழற்றிய வேற்றுக்கிரகவாசி

எண்பதுகளில், மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் தேவாலய இளையோர் கூட்டத்தில் ஒரு விளையாட்டு உண்டு. வேற்றுக்கிரகவாசியாக நடிப்பவர், மனிதராக நடிப்பவரிடம் நம் வழக்கம் தெரியாதவராகப் பேசிச் சிரிக்க வைக்க வேண்டும்.

அன்று ஸ்டீபன் வேற்றுக்கிரகவாசி. சூப்பர்மார்க்கெட் வாசலில் நிற்பதுபோல் செருப்பைக் கழற்றி, கைகட்டி, "உள்ள வரலாங்களாய்யா?" என்று காவலாளியாக நடித்தவனைக் கேட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த என் அம்மா, முந்தின வாரம் நிஜ சூப்பர்மார்க்கெட் வாசலில் அப்படித்தான் கேட்டார். அப்போது எங்களோடு இருந்தவன் இவன்.

அடுத்து நான் வேற்றுக்கிரகவாசி, அவன் காவலாளி.

"செருப்பக் கழட்டலையா லா?" என்று இளித்தான்.

"எங்க கிரகத்துல, மனுசங்க இருக்கிற எடத்துலதான் கழட்டுவோம்."

யாரும் சிரிக்கவில்லை.

"வெளையாட்டுதானே மச்சான்" என்றான். நான் வெளியேறிவிட்டேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். அதை நினைத்தால்தான் இன்றும் கோபம் அடங்க மறுக்கிறது.